ஆளுக்கொரு பொம்மை

“லைன் பிஸின்னா அடுத்த நம்பருக்குப் போகணும்னு உனக்குத் தோணவே இல்லையா?”

“அது உன் பாதியில நடக்கும்னு நினைச்சேன்.”

“நினைச்சியா? யாரைக் கேட்டு நினைச்ச?”

“யாரைக் கேக்கச் சொல்ற? நீதான் வாயில பூட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தியே! பிஸின்னா, இது தப்புன்னு கத்தற மாதிரி ஒரு எக்ஸெப்ஷனைத் தூக்கி எறிஞ்சிருக்கணும் நீ. சும்மா பதிலாத் திருப்பிக் கொடுத்தா என் புரோகிராமுக்கு எப்படித் தெரியும்?”

“ஓஹோ! அப்ப நான் தூக்கி எறியாததாலதான் எங்கப்பா செத்தாரா?”

இந்த இடத்தில் ஏதோ உடைந்தது. கண்ணாடி டம்ளர் என்று இரண்டாம் மாடித் தையல்காரி இன்றைக்கும் சாதிக்கிறாள். எனக்கென்னவோ பீங்கான் மாதிரிதான் கேட்டது. தரைத்தளத்தில் அடுத்த கதவு என்னுடையது. மாடியில் இருப்பவளைவிட எனக்கு நன்றாகவே கேட்கும்.

சண்டை நடந்தது டிரைவர் வீட்டில். டிரைவர் என்றால் ஆயுசு பூராவும் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர், பேருந்தை நிறுத்தியபின் வாயை நிறுத்தாதவர். அவரை அடக்கம் செய்த அதே வாரம் அது. மூத்த மகளும் அவள் புருஷனும் சாமான் ஒழிக்கிறேன் என்று மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஓர் அலமாரியைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. அதற்குள் இந்தக் கச்சேரி. அந்தப் புருஷனை டிரைவர் “மாப்ளே, மாப்ளே” என்று படிக்கட்டு அதிரக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்கள் கட்டடத்துக்கே அவர் மாப்பிள்ளை ஆகிப்போனார். மகளை நாங்கள் பெரியவள் என்போம். அவளுக்கு ஒரு தங்கை, சின்னவள், வேறு ஊரில் இருந்தாள். அப்பா போனதற்காக வந்தவளுக்கு அக்கா வீட்டில் படுக்க இடமில்லை என்று என் வீட்டில்தான் படுத்தாள். ஆகையால் நான் சொல்லப்போவதில் பாதி என் காது, மீதி அவள் வாய். கலப்படம் கிடையாது.

கதை தொடங்கியது குளியலறையில். டிரைவர் ஒருநாள் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் கிடந்தார். பெரியவள் பதறிப்போய், இனி அப்பா எங்களோடுதான் இருக்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், “ரெண்டு ரூம்ல அவர் எங்க படுப்பார், அலமாரிக்குள்ளயா?” என்றார். நகைச்சுவையாம். பெரியவள் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினாள்.

மனுஷன் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். ஞாயிறுதோறும் இறங்கி வந்து மாமனாருக்கு முகச்சவரம் செய்துவிடுவார். டிரைவருக்குக் கை நடுக்கம். “மெதுவா மாப்ளே, வளைவுல வேகத்தைக் குறைக்கணும்” என்று டிரைவர் தாடையை நீட்டிக்கொண்டு சொல்வது எனக்குக் கேட்கும். சவரம் செய்வார், சோறு கொண்டுவந்து கொடுப்பார், மருந்துக்கடைக்கு ஓடுவார். வீட்டுக்குள் மட்டும் விட மாட்டார். சில பேர் அப்படி.

வீட்டுக்குள் விடுவதற்குப் பதிலாக அவர் கொண்டுவந்ததுதான் அந்தப் பொத்தான்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை, பக்கத்துப் பக்கத்து மேசை. ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவார்கள். அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கான அவசரப் பெட்டி. கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும், மேசைமேல் ஒரு பெட்டி இருக்கும். பொத்தானை அமுக்கினால் மகளுக்குப் போன் போகும். மகள் எடுக்கவில்லை என்றால் மருமகனுக்கு. அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்றால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். பொத்தானை அமுக்கியதும் யாரைக் கூப்பிடுவது, எப்போது விளக்கைப் போடுவது என்பதெல்லாம் மாப்பிள்ளை எழுதிய பாதி. கூப்பிடும் வேலையை நிஜமாகச் செய்து, என்ன ஆயிற்று என்று பதில் சொல்வது பெரியவள் எழுதிய பாதி.

இப்படி ஆளுக்குப் பாதியாக எழுதும்போது, ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதல்லவா? அதற்கு அவர்களிடம் ஓர் உபாயம் உண்டு. மாக் என்பார்களாம், பொம்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடக ஒத்திகைக்குக் கதாநாயகி வரவில்லை என்றால், நாற்காலியில் ஒரு தலையணையை நிறுத்திவைத்து நாயகன் தன் வசனத்தைப் பேசிப் பார்ப்பானே, அதுபோல. என்ன, இந்தத் தலையணை பதில் பேசும். எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒத்திகை பார்ப்பதற்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர். அடுத்தவர் பாதியில் கோளாறு இருந்தாலும் அது நம் தலையில் விழாமல், நம் பாதி மட்டும் சரியா என்று தனியாகத் தெரிந்துகொள்ளலாம். நல்ல வழிதான், குறை சொல்வதற்கில்லை. தலையணை என்ன பேச வேண்டும் என்பதைக் கதாநாயகியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

இங்கேதான் கதாநாயகி நாயகனோடு பேசுவதில்லையே.

வீட்டில் ஊமைச் சண்டை என்றால் அலுவலகத்திலும் ஊமைச் சண்டை. கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்து மேசை. ஏதாவது தெரிய வேண்டும் என்றால், “சார், அவங்க பாதி எப்ப முடியும்னு கேளுங்க” என்று மேனேஜரிடம் சொல்வார்களாம். மேனேஜருக்கு இது தலைவலி. தூது போவதற்கா சம்பளம் என்று சலித்துக்கொள்வாராம். ஆகவே சின்னச் சின்ன சந்தேகங்களை இருவரும் அவரிடம் கொண்டுபோகவில்லை. அவரவர் மனத்தில் இருந்த அடுத்தவரை வைத்து அவரவர் பொம்மையைச் செய்துகொண்டார்கள்.

மாப்பிள்ளை செய்த பெண்டாட்டி பொம்மை கெட்டிக்காரி. எந்த நம்பரைக் கொடுத்தாலும் “வாங்கிக்கொண்டேன், இனி என் பொறுப்பு” என்று சொல்லும். லைன் பிஸியாக இருந்தால் அவளே அடுத்த நம்பருக்குப் போட்டுக்கொள்வாள் என்று அவர் நினைப்பு. பெரியவள் செய்த புருஷன் பொம்மை பொறுப்பானது. “பிஸி” என்று பதில் சொன்னால் உடனே அடுத்த நம்பரைக் கொடுக்கும். அவனே பார்த்துக்கொள்வான் என்று இவள் நினைப்பு. நிஜத்தில் சோறு போட்டுவைத்தேன் என்றுகூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாதவர்கள், பொம்மையில் அத்தனை நம்பிக்கை வைத்திருந்தார்கள். இரண்டு பேருடைய சோதனையும் ஒரு குறை இல்லாமல் தேறியது.

இரண்டு பாதியையும் ஒட்டவைத்து, பொம்மைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிஜத்தை நிஜத்தோடு மோதவிட்டுப் பார்ப்பது என்று ஒரு கட்டம் பாக்கி இருந்ததாம். இரண்டும்தான் தேறிவிட்டதே, அப்புறம் என்ன என்று மேனேஜர் அதைத் தள்ளிப்போட்டார். மாப்பிள்ளைக்கும் அவசரம். பெட்டியை மாமனார் வீட்டில் வைத்துவிட்டால் வீட்டில் மறுபடி பேச்சு வரும் என்று ஆசை.

பெட்டி வந்த அன்று கூட்டம் கூடிவிட்டது. தையல்காரி கழுத்துக்கயிற்றுக்கு ஓர் உறை தைத்துக் கொண்டுவந்தாள். டிரைவர் பொத்தானை அமுக்கினார். மூன்றாம் மாடியில் பெரியவளின் போன் அடித்தது. பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

“பாருங்க ஐயா, பச்சை எரிஞ்சுதுன்னா நாங்க வந்துக்கிட்டிருக்கோம்னு அர்த்தம். நீங்க அசையக்கூடாது, கத்தக்கூடாது. இருந்த இடத்துல இருங்க, போதும்” என்றார் மாப்பிள்ளை.

“பச்சையைப் பத்தி எனக்கே பாடமா? வாழ்க்கை பூரா அதைப் பார்த்துத்தான் மாப்ளே வண்டியை எடுத்திருக்கேன்” என்றார் டிரைவர்.

பெரியவள் மாடி ஏறும்போது புருஷன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். சமாதானம் நெருங்கிவிட்டது என்று தையல்காரி என் காதைக் கடித்தாள்.

அடுத்து வந்த ஞாயிறு மத்தியானம் டிரைவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. பொத்தானை அமுக்கியிருக்கிறார். அந்நேரம் பெரியவள் தங்கையோடு போனில் இருந்தாள். என்ன பேச்சு? புருஷனைப் பற்றிய பேச்சுதான், வேறென்ன. நீண்டுகொண்டே போயிருக்கிறது. லைன் பிஸி. அவளுடைய பாதி “பிஸி” என்று ஒழுங்காகப் பதில் சொன்னது. அவருடைய பாதி அந்தப் பதிலை வாங்கி, “சரி, அவள் பொறுப்பெடுத்துக்கொண்டாள்” என்று பச்சை விளக்கைப் போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொண்டது. இரண்டாவது நம்பருக்கு யாரும் கூப்பிடவில்லை. அந்த இரண்டாவது நம்பரின் சொந்தக்காரரான மாப்பிள்ளை மூன்றாம் மாடியில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

டிரைவர் விளக்கைப் பார்த்திருக்கிறார். வருகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று தவழ்ந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்காத சத்தம் இந்தக் கட்டடத்தில் உண்டா? சுவரில் இரண்டு தட்டுத் தட்டியிருந்தால்கூடப் போதும். அவர்தான் சொன்னபடி கேட்கிற மனுஷராயிற்றே, கத்தாமல் காத்திருந்தார்.

மாப்பிள்ளை தூங்கி எழுந்து சவரக்கத்தியும் கிண்ணமுமாக இறங்கி வந்தபோது கதவு திறந்திருந்தது. அவர் போட்ட அலறலில்தான் நான் ஓடினேன். கிண்ணத்துத் தண்ணீர் வாசல் பூராவும் கொட்டிக் கிடந்தது. மாமனாரை மடியில் போட்டுக்கொண்டு, “பச்சை எரியுதே, பச்சை எரியுதே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மாடிக்கு ஆள் அனுப்பி, பெரியவள் வந்து, நாங்கள் எல்லோரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்துவதற்குள் யாரோ பெட்டியின் மின்கம்பியைக் காலால் இடறிவிட்டார்கள். அப்புறம் விளக்கு இல்லை. அதுவரை நாங்கள் யாரும் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை, எரிந்ததைப் பார்த்தது மாப்பிள்ளை ஒருவர்தான். பரிசோதனைக்கு வந்த பெட்டி என்பதால் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் கிடையாதாம்.

அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்ன சண்டை. உடைந்ததைப் பெருக்கக்கூட யாருமில்லை. மறுநாள் மேனேஜர் வந்தார். நல்ல சட்டை, நல்ல செருப்பு, துக்கமான முகம். பெரியவள் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“சார், பொம்மை எல்லாம் வேணாம். நிஜமாவே பார்த்துடலாம். என் தங்கச்சி பக்கத்து வீட்டுல இருந்து எனக்குப் போன் போடுவா. லைன் பிஸியா இருக்கும். நான் பொத்தானை அமுக்கறேன். இவர் போன் இவர் கையில இருக்கட்டும்.”

அந்தப் பக்கத்து வீடு என் வீடு. சின்னவள் என் சமையலறையில் நின்று அக்காவைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியைப் போடு கண்ணு, எனக்குக் காது சரியில்லை என்றேன். போட்டாள்.

“அமுக்கறேன்” என்றது பெரியவளின் குரல்.

அப்புறம் ஒன்றுமில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது.

“அக்கா, என்னாச்சு? அத்தானுக்கு அடிச்சுதா?”

“இல்ல.”

“விளக்கு?”

“எரியுது. பச்சையா, அழகா எரியுது.”

சின்னவள் போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அழைப்பைத் துண்டிக்க இரண்டு பக்கமும் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் மேனேஜர் தொண்டையைச் செருமியது முதற்கொண்டு எங்களுக்குக் கேட்டது.

“ரொம்ப வருத்தமான விஷயம்மா. இப்ப தெரிஞ்சுபோச்சு, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம். ஆனா அன்னைக்கு இதுதான் நடந்துச்சுன்னு நாமளே ஏன் முடிவு கட்டணும்? வயசானவர். கை நடுக்கம் வேற. சரியா அமுக்கியிருக்க மாட்டார். அப்படியும் இருக்கலாம் இல்லையா?”

“விளக்கு எரிஞ்சுது சார். இவர் பார்த்தார்.”

“இவர் ஒருத்தர்தானே பார்த்தார்?” என்று மேனேஜர் நிறுத்தினார். பிறகு குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டு, “ஏன் தம்பி, அந்தப் பதட்டத்துல விளக்கை எல்லாம் கவனிச்சிருப்பீங்களா என்ன?” என்றார்.

மாப்பிள்ளை பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டேன்.

“சார் சொல்றதும் ஒரு வகையில...” என்று இழுத்தார்.

“ஒரு வகையில?”

“இல்லம்மா, யோசிச்சுப் பாரு. ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். போனவர் வரப்போறதில்ல. நம்ம நல்லதுக்குத்தான்...”

“வளைவு நெளிவுல எல்லாம் பஸ் ஓட்டினவருக்கு ஒரு பொத்தானை அமுக்கத் தெரியலைன்னு ஊர் சொல்லணும். அது நம்ம நல்லதுக்கு. அப்படித்தானே?”

“கத்தாத. பக்கத்துல கேக்கும்.”

“கேக்கட்டும்!” என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். “சார், இந்தப் பெட்டி இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு?”

“அதெல்லாம் சத்தமில்லாம மாத்திடலாம்மா. சொன்னா பயந்துடுவாங்க.”

“மாத்தற வரைக்கும்? பச்சையைப் பார்த்துட்டு அவங்களும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

மேனேஜர் அவசர வேலை இருப்பதாகக் கிளம்பினார்.

அதற்கு மறுநாள் பெரியவள் அலுவலகத்துக்குப் போய் முதலாளிகள் முன்னால் நின்றாள். தப்பு இரண்டு பாதியிலும் இருக்கிறது, முதல் பாதி என்னுடையது, “பிஸி” என்று சொன்னால் அவர் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை என்றாள். அப்பா பொத்தானை அமுக்கினார், விளக்கு எரிந்தது, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். முதலாளிகள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, விளக்கு எரிந்ததா என்று கேட்டார்கள்.

“கவனிக்கலை சார்” என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவளும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாளாம். வீட்டுக்கு வந்து அழவில்லை, கத்தவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்து, “அக்கா, கொஞ்சம் உங்க சமையக்கட்டு வேணும்” என்றாள். அக்காளும் தங்கையுமாக அங்கே உட்கார்ந்து, பெட்டி வாங்கிய வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். பச்சையை நம்பாதீர்கள், வலி வந்தால் சத்தம் போடுங்கள், சுவரைத் தட்டுங்கள் என்று அதே வார்த்தைகளை வரிசையாகச் சொன்னாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் பிதற்றாதே என்று வைத்துவிட்டார். ஒரு வீட்டில் ஒரு பெண், “எங்கம்மா போன வாரம்தான்...” என்று தொடங்கினாள். பெரியவள் அதை முழுக்கக் கேட்டாள். வம்புக்கு அலைகிறவள் என்று தையல்காரி என்னைச் சொல்வாள். அன்று மட்டும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கம்பெனி பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ரகசியத்தை வெளியே சொன்னதற்காகப் பெரியவளை வேலையைவிட்டு எடுத்தது. பெரியவர் பொத்தானைச் சரியாக அமுக்கியிருக்க மாட்டார் என்பதுதான் இன்றுவரை அவர்கள் வைத்திருக்கும் முடிவு.

மாப்பிள்ளை ஒருநாள் என் கதவைத் தட்டி, “அவகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க அக்கா, நம்ம ரெண்டு பேருக்காகத்தான் அப்படிச் சொன்னேன்” என்றார். கண் வீங்கியிருந்தது. சொன்னேன். பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவை வீட்டுல வச்சுக்க மாட்டேன்னப்பகூடப் பொறுத்துக்கிட்டேன் அக்கா. இப்ப அவரைப் பொத்தான் அமுக்கத் தெரியாதவராக்கிட்டாரு. இனிமே இவர்கூடப் பேச என்ன இருக்கு?” என்றாள். அடுத்த துணியை எடுத்தாள்.

மாதம் முடிவதற்குள் தங்கையோடு அவள் ஊருக்கே போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். விவாகரத்தும் ஆயிற்று. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னவளுக்கு ஆயிற்று, கண்ணாடிக்கடைக்காரர், அமைதியான மனிதர் என்று கேள்வி. மேனேஜர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், குடும்பத்தோடு. மாப்பிள்ளை வெகுநாள் மூன்றாம் மாடியிலேயே இருந்தார். அப்புறம் அதே அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டு, நகரத்தின் மறுகோடிக்கு வீடு மாற்றிப் போனார். சாமான் ஏற்றுகிற அன்று தரைத்தளத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே போனார். அந்தப் பெண் மட்டும் நின்று, போய்வருகிறோம் என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டாள். பார்த்தால் நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள்.